சேய்ச் சாளரத்துக்கு ஒரு டூல்பார்



எக்செல் 2013 வெளிவந்தபோது அன்றாடம் அதில் வேலை செய்பவர்கள் ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்பீர்கள். அதுவரை எக்செல் என்றால் ஒரு பெரிய சாளரம். உள்ளே எத்தனை பணிப்புத்தகங்களைத் திறந்தாலும் மேலே பொதுவாக ஒரே ரிப்பன்தான். 2013இல் அந்தப் பெரிய சாளரத்தையே எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பணிப்புத்தகமும் தனிச் சாளரம் ஆனது, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு ரிப்பனும் வந்தது. இரண்டு திரைகளை வைத்துக்கொண்டு கணக்கு ஒப்பிடுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. வேர்டு இதே பாதைக்கு 2000 பதிப்பிலேயே வந்துவிட்டது. எக்செலில் டூல்பார் முதலில் வந்தது 1990இல், அதன் 3.0 பதிப்பில். பொத்தான் வரிசை பெரிய சாளரத்துக்கு உரியதா, உள்ளே இருக்கும் ஆவணத்துக்கு உரியதா என்பதில் மைக்ரோசாஃப்ட் எக்செலுக்குத் தன் பதிலை மாற்றிக்கொள்ள 23 ஆண்டுகள் ஆயின.

இங்கே இருப்பவர்களில் பலர் பழைய டெஸ்க்டாப் நிரல்களைப் பராமரிக்கிறவர்கள் என்று தெரியும். "இந்த உள் சாளரத்துக்கும் ஒரு டூல்பார் போட்டுக் கொடுங்கள்" என்று வாடிக்கையாளர் கேட்பார். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம் என்று தோன்றும். முடியாது. பொத்தான்களை வரைவதில் சிரமம் ஒன்றும் இல்லை. பிரதான சட்டகச் சாளரம் இத்தனை நாளாகச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலைகளை உள் சாளரத்தில் யார் செய்வது என்பதில்தான் சிக்கல். இடத்தைப் பிரித்துக் கொடுப்பது, அழுத்திய கட்டளையை உரியவரிடம் சேர்ப்பது, எந்தப் பொத்தான் இப்போது மங்கியிருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது ஆகியவையே அந்த வேலைகள்.

முதலில் பழைய அமைப்பை நினைவுபடுத்திவிடுகிறேன். 1990இல் வந்த விண்டோஸ் 3.0இல் பல ஆவண இடைமுகம், அதாவது எம்டிஐ, இயக்க முறைமையின் பகுதியாகவே கிடைத்தது. வெளியே ஒரு சட்டகச் சாளரம், அதன் வயிற்றில் எம்டிஐ கிளையன்ட் என்ற சாம்பல் நிறப் பரப்பு, அந்தப் பரப்பின் மேல் சேய்ச் சாளரங்கள். மெனுவும் டூல்பாரும் வெளிச் சட்டகத்தில் இருக்கும். எந்தச் சேய் முன்னால் இருக்கிறதோ அதற்கே கட்டளை போகும். அன்றைய திரை பெரும்பாலும் 640க்கு 480 புள்ளிகள். அதில் ஒவ்வொரு சேய்க்கும் தனி டூல்பார் வைத்தால் நான்கு ஆவணம் திறந்த மாத்திரத்தில் எழுதவே இடம் இருக்காது. ஆக, பொது டூல்பார் அன்றைக்குச் சரியான முடிவு. இன்றும் பல நிரல்களில் அதுவே சரி என்பது என் எண்ணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது நூலகம் எதுவும் இல்லாமல், வெறும் வின்32 கட்டளைகளைக் கொண்டு ஒரு சேய்ச் சாளரத்துக்குள் டூல்பாரை உருவாக்கிப் பாருங்கள். நீங்கள் கொடுத்த இடத்தையும் அளவையும் அது பொருட்படுத்தாது. தானாகவே பெற்றோர்ச் சாளரத்தின் உச்சியில், முழு அகலத்துக்கும் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் இயல்பு அது. இதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் உள்ளே இருந்த எழுத்துப் பெட்டியின் முதல் இரண்டு வரிகளைக் காணவில்லை. அவை எங்கும் போகவில்லை, டூல்பாருக்கு அடியில் இருக்கின்றன. டூல்பார் வந்ததால் சாளரத்தின் உட்பரப்பு குறைந்துவிடுவதில்லை. இயக்க முறைமையிடம் அளவு கேட்டால் பழைய அளவையே சொல்லும். டூல்பாரின் உயரத்தைக் கேட்டறிந்து, எழுத்துப் பெட்டியை அந்த அளவுக்குக் கீழே இறக்க வேண்டியது நீங்கள். சாளரத்தின் அளவு மாறும் ஒவ்வொரு முறையும் டூல்பாரைத் தன்னைச் சரிசெய்துகொள்ளச் சொல்லிவிட்டு, மறுபடியும் கணக்குப் போட வேண்டும்.

எம்எஃப்சி நூலகம் இந்தக் கணக்கை அழகாகத் தீர்த்தது. 1992இல் வந்த நூலகம் அது, இன்றும் எத்தனையோ தொழிற்சாலை மென்பொருள்களை அது தாங்கி நிற்கிறது. அதில் சட்டகச் சாளரத்தின் அளவு மாறியதும், சட்டகம் தன் முழுப் பரப்பையும் ஒரு செவ்வகமாக எடுத்துக்கொண்டு, தன் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் அதைக் காட்டி ஒரு செய்தி அனுப்பும். பாகப்பிரிவினை மாதிரிதான். டூல்பார் தனக்கு வேண்டிய உயரத்தை மேலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரும். நிலைப்பட்டை கீழிருந்து தன் பங்கை எடுக்கும். எல்லாரும் எடுத்தது போக மிஞ்சியது, 59648 என்ற அடையாள எண் கொண்ட காட்சிச் சாளரத்துக்கு, அதாவது நம் ஆவணம் தெரியும் பகுதிக்குப் போய்ச் சேரும். கடைசியில் எல்லாரையும் ஒரே மூச்சில் நகர்த்திவிடும். அதனால் திரை துடிப்பதும் குறைவு.

இந்தப் பங்கீட்டைச் செய்யத் தெரிந்தது சட்டகச் சாளர வகுப்புக்குத்தான். எம்டிஐ சேய்ச் சாளரத்தின் வகுப்பு அந்தச் சட்டக வகுப்பிலிருந்தே பிறந்தது என்பது நமக்கு அதிர்ஷ்டம். பிரதான சாளரத்தில் செய்வதை அப்படியே சேயிலும் செய்யலாம். சேய் உருவாகும் தருணத்தில் டூல்பாரையும் உருவாக்குங்கள், படங்களை ஏற்றுங்கள், ஒட்டும் பக்கங்களை அனுமதியுங்கள். சில வரிகளில் முடிந்துவிடும். ஆனால் டூல்பாரின் பெற்றோர் சேய்ச் சட்டகமாக இருக்க வேண்டும். அதற்குள் இருக்கும் காட்சிச் சாளரமாக இருக்கக் கூடாது. காட்சியில் ஒட்டவைத்த நிரல்களை இன்றும் பார்க்க முடிகிறது. ஆவணம் சிறிதாக இருக்கும்வரை எல்லாம் சரியாகவே தெரியும். நீண்ட ஆவணத்தைத் திறந்து உருட்டிப் பாருங்கள். உருளும் காட்சி, தன் பிள்ளைச் சாளரங்களையும் சேர்த்தே உருட்டும். எழுத்தோடு சேர்ந்து டூல்பாரும் மேலே ஏறி மறைந்துபோகும்.

அடுத்தது கட்டளை. பிரதான சட்டகத்தின் டூல்பாரில் ஒரு பொத்தானை அழுத்தினால் எம்எஃப்சி அதை முதலில் செயலில் இருக்கும் சேயிடம் கொடுக்கும். சேய் தன் காட்சியிடமும், காட்சி தன் ஆவணத்திடமும் கேட்கும். யாரும் ஏற்காவிட்டால் சேய்ச் சட்டகம், பிறகு பிரதான சட்டகம், கடைசியில் நிரல் என்று போகும். சேயின் சொந்த டூல்பாரில் அழுத்தினால் பயணம் நேரே சேயிலிருந்து தொடங்கும். பின்னால் கிடக்கும் சேயின் டூல்பாரில் அழுத்தினாலும் குழப்பம் இல்லை, அந்த அழுத்தமே அந்தச் சாளரத்தை முன்னுக்குக் கொண்டுவந்துவிடும்.

இந்தப் பயண வரிசையில் ஒரு பொறி இருக்கிறது. எம்எஃப்சியில் டூல்பாருக்கு நீங்கள் அடையாள எண் எதுவும் தராவிட்டால் அது 59392 என்று தானே வைத்துக்கொள்ளும். 'பார்வை' மெனுவில் இருக்கும் 'டூல்பார்' என்ற உருப்படிக்கும் அதே 59392. அந்த உருப்படியைத் தேர்ந்தெடுத்தால் சட்டகம் தன்னிடம் அந்த எண்ணில் ஒரு பட்டை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் மறைக்கும் அல்லது காட்டும். இல்லாவிட்டால் கட்டளையை அடுத்தவருக்கு விட்டுவிடும். இப்போது சேயிலும் எண் தராமல் ஒரு டூல்பாரைப் போட்டால் என்ன நடக்கும்? மெனுக் கட்டளை முதலில் சேயிடம் வருகிறது. சேயிடம் அதே எண்ணில் ஒரு பட்டை இருக்கிறது. அதை மறைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். பிரதான டூல்பாரை மறைக்கவே முடியாது. எல்லாச் சேய்களையும் மூடிவிட்டால் மட்டும் மெனு மறுபடியும் ஒழுங்காக வேலை செய்யும். இந்தப் புகாரைப் பயனர் தெளிவாக விவரிக்க மாட்டார், "சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்வதில்லை" என்பார். சேயின் டூல்பாருக்கு வேறொரு எண்ணும், அதற்கென மெனுவில் வேறொரு உருப்படியும் கொடுத்தால் தீர்ந்தது.

பொத்தானின் நிலையைப் பற்றி. நகலெடுக்க எதுவும் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்றால் 'நகல்' பொத்தான் மங்கலாக இருக்க வேண்டும். எம்எஃப்சி இதை ஓய்வு நேரத்தில் செய்கிறது. செய்தி வரிசை காலியாக இருக்கும்போது, சாளரங்களுக்கெல்லாம் ஒரு செய்தி அனுப்பி, ஒவ்வொரு பொத்தானின் நிலையையும் விசாரிக்கும். டூல்பாரை டயலாக் பெட்டிக்குள் வைத்தால் இந்த விசாரணை வராது. வழிமறித்து நிற்கும் டயலாக் பெட்டி தனக்கென ஒரு செய்திச் சுழலை ஓட்டுகிறது, நிரலின் வழக்கமான ஓய்வு நேர வேலை அங்கே நடப்பதில்லை. அதற்குப் பதிலாக வரும் இன்னொரு உள் செய்தியைப் பிடித்து நீங்களே விசாரிக்க வேண்டும். பொத்தான்மீது மவுஸை வைத்தால் தோன்றும் குறிப்புரையும் அங்கே தானாக வராது, ஏனென்றால் அதைத் தருவதும் சட்டகம்தான். டயலாக் பெட்டிக்குள் டூல்பார் கேட்கும் வாடிக்கையாளரிடம், முடிந்தால் சாதாரணப் பொத்தான்களை வைத்துத் தருவதாகப் பேசிப் பாருங்கள்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1993இல் வந்த ஓஎல்இ 2. வேர்டு ஆவணத்துக்குள் எக்செல் அட்டவணை ஒன்றைப் பதித்துவிட்டு அதை இருமுறை சொடுக்கினால், வேர்டின் மெனுவும் டூல்பாரும் ஒதுங்கி, அங்கே எக்செலின் டூல்பார் வந்து உட்காரும். உட்காரும் இடம் இன்னொரு நிரலின் சாளரம். யார் எவ்வளவு இடம் எடுக்கலாம்? அதற்கு ஒரு பேச்சுவார்த்தை முறையே வகுத்திருந்தார்கள். விருந்தினர், அதாவது இங்கே எக்செல், முதலில் விருந்தளிப்பவரான வேர்டின் எல்லைச் செவ்வகத்தைக் கேட்பார். பிறகு நான்கு பக்கமும் தனக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்று விண்ணப்பிப்பார். ஒப்புதல் கிடைத்தால் அந்த இடத்தை எடுத்துக்கொள்வார். மறுத்தால் குறைத்துக் கேட்கலாம், அல்லது டூல்பாரே இல்லாமல் இருக்கலாம். இதைவிட முக்கியமான சங்கதி, இந்தப் பேச்சுவார்த்தையை இரண்டு சாளரங்களோடு தனித்தனியாக நடத்தலாம் என்பது. விருந்தளிப்பவரின் வெளிச் சட்டகத்தோடு ஒன்று, ஆவணத்தின் சேய்ச் சாளரத்தோடு இன்னொன்று. பொதுவான பொத்தான்களுக்கு வெளிச் சட்டகம், அந்த ஆவணத்தை மட்டும் சார்ந்த அளவுகோல் போன்றவற்றுக்குச் சேய். இந்தப் பாகுபாட்டை அவர்கள் அன்றே இடைமுகத்துக்குள் எழுதி வைத்துவிட்டார்கள்.

அங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. எக்செல் மாதிரியான ஒரு விருந்தினர் நிரலை எம்எஃப்சியில் நீங்கள் எழுதினால், டூல்பாரின் பெற்றோர் விருந்தளிப்பவரின் சாளரமாக இருக்கும், ஆனால் கட்டளைகள் உங்கள் நிரலுக்கு வர வேண்டும். அதனால் பெற்றோர் ஒருவர், உடைமையாளர் வேறொருவர் என்று பிரித்து வைக்க அந்த நூலகம் வழி செய்திருக்கிறது. உடைமையாளர் யார் என்று சொல்லும் அந்த ஒற்றை வரியை எழுத மறந்தால், உங்கள் பொத்தான்கள் வேர்டுக்குக் கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கும், வேர்டு அவற்றைக் கண்டுகொள்ளாது. திரையில் எங்கே தெரிகிறது என்பதும் யாருக்கு வேலை செய்கிறது என்பதும் இரண்டு தனிக் கேள்விகள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மற்ற கருவித்தொகுப்புகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஜாவா ஸ்விங்கில் உள் சட்டகத்தின் வடக்குப் பகுதியில் டூல்பாரைப் போட்டால் போதும், இடப் பங்கீட்டை அமைப்பாளர் வகுப்பு பார்த்துக்கொள்ளும். க்யூட்டியில் சேய்ச் சாளரத்துக்குள் சாதாரண விட்ஜெட்டுக்குப் பதில் ஒரு பிரதான சாளர வகுப்பையே வைத்துவிடலாம். அதற்கு டூல்பாரைச் சேர்க்கவும் நான்கு பக்கமும் ஒட்டவும் தெரியும். 'பிரதானம்' என்ற பெயரைப் பார்த்து அது நிரலுக்கு ஒன்றுதான் இருக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். க்யூட்டியின் உண்மையான சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே கட்டளை என்பது தனிப் பொருள். மெனுவிலும், பிரதான டூல்பாரிலும், சேயின் டூல்பாரிலும் அதே பொருளைச் சேர்க்கலாம். அதை ஒருமுறை முடக்கினால் மூன்று இடத்திலும் மங்கும். ஓய்வு நேர விசாரணை என்ற வேலையே அங்கே தேவைப்படுவதில்லை. எம்எஃப்சியில் பல ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு இதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

2005இல் டாட்நெட் 2.0உடன் வந்த விண்டோஸ் ஃபார்ம்ஸ் பதிப்பு நடுவழி ஒன்றைக் காட்டியது. சேயில் ஒரு டூல்பாரை வடிவமைத்து, சேய் முன்னுக்கு வரும்போது அதன் பொத்தான்களைப் பிரதான டூல்பாருக்குள் கலந்துவிடலாம், பின்னுக்குப் போகும்போது பிரித்துவிடலாம். மெனுவுக்கு இந்தக் கலப்பு தானாக நடக்கும், டூல்பாருக்கு நாம்தான் எழுத வேண்டும். திரையில் இடமும் மிச்சம், உரிமையும் தெளிவு.

இணைய உலாவிகளிலும் இதே விவாதம்தான் நடந்தது. 2008இல் வந்த குரோம் தாவல்களை உச்சியில் வைத்து, முகவரிப் பட்டையைத் தாவலுக்குக் கீழே கொண்டுவந்தது. 2011இல் ஃபயர்ஃபாக்ஸ் 4 அதையே பின்பற்றியது. முகவரி என்பது அந்தத் தாவலின் சங்கதி, ஆகவே அது தாவலுக்குள் தெரிய வேண்டும் என்பது வாதம். ஆனால் குரோமின் நிரலைத் திறந்து பார்த்தால், சாளரத்துக்கு ஒரே ஒரு டூல்பார்தான் இருக்கிறது. தாவல் மாறும்போது அதன் உள்ளடக்கம் மட்டும் மாறுகிறது. பார்ப்பவருக்கு அது தாவலின் சொத்து, கட்டுமானத்தில் பொதுச் சொத்து. தாவல் வடிவில் ஆவணங்களைக் காட்டும் நிரல் உங்களிடம் இருந்தால் இந்த வழியை முதலில் யோசியுங்கள்.

இனி நம் ஊர்க் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் எழுதப்படும் நிரல்களை நேரடியாகப் பாதிக்கும் ஒரு விஷயம். விண்டோஸில் டூல்பார் பொத்தானை அழுத்தினால் விசைப்பலகையின் கவனம் அதற்கு மாறுவதில்லை. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். எழுதிக்கொண்டே 'தடித்த எழுத்து' பொத்தானை அழுத்திவிட்டுத் தொடர்ந்து எழுத முடிவது இதனால்தான். ஆனால் பில் போடும் படிவத்தைச் சேய்ச் சாளரத்தில் வைத்து, அதன் தலையில் 'சேமி' பொத்தானோடு டூல்பார் வைத்தால் கதை மாறும். பில் போடுபவர் கடைசிப் பெட்டியில் தொகையைத் தட்டச்சு செய்கிறார், உடனே டூல்பாரில் 'சேமி'யை அழுத்துகிறார். பெட்டி கவனத்தை இழக்கவே இல்லை. கவனம் போகும்போது தொகையைச் சரிபார்த்துத் தரவுக்குள் எழுதும்படி நிரல் எழுதப்பட்டிருந்தால், அந்தச் சரிபார்ப்பு ஓடாது. பழைய தொகை சேமிக்கப்படும், திரையிலோ புதிய தொகை தெரியும். சாதாரணப் பொத்தானாக இருந்தவரை ஒழுங்காக நடந்த நிரல், டூல்பாருக்கு மாறிய அன்று தவறத் தொடங்கும். விண்டோஸ் ஃபார்ம்ஸின் வடிவமைப்பான், தரவுப் படிவத்துக்குத் தானே எழுதித் தரும் 'சேமி' நிரலின் முதல் வரியில் சரிபார்ப்பை வலிய அழைத்து, அடுத்த வரியில் திருத்தத்தை முடித்துவைக்கிறது. பலர் அந்த இரண்டு வரிகளைத் தேவையற்றவை என்று அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள்.

கவனம் மாறாததற்கு இன்னொரு விளைவும் உண்டு. தாவல் விசையை அழுத்தி அழுத்தி டூல்பாருக்குப் போய்விடலாம் என்று எண்ண முடியாது. மவுஸைப் பயன்படுத்த முடியாத ஒருவருக்கு, டூல்பாரில் மட்டும் இருக்கும் கட்டளை இல்லாத கட்டளைதான். சேயின் டூல்பாரில் வைக்கும் ஒவ்வொன்றும் மெனுவிலோ குறுக்குவிசையிலோ இருந்தாக வேண்டும். தமிழ் இடைமுகம் தரும் நிரல்களில் எழுத்தோடு பொத்தான் வைக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எம்எஃப்சி டூல்பாரின் வழக்கமான படம் 16க்கு 15 புள்ளி. 'முன்தோற்றம்', 'தேர்ந்தெடு' போன்ற சொற்களை அதன் பக்கத்தில் வைத்தால் ஒரு சேய்ச் சாளரத்தின் அகலத்தில் நான்கைந்து பொத்தான்கள்கூடத் தேறாது. சேயில் படம் மட்டும், சொல் குறிப்புரையில் என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

சரி, எப்போது சேய்க்குத் தனி டூல்பார்? எல்லாச் சேய்களும் ஒரே வகையாக இருந்து, ஒரே கட்டளைகளை ஏற்றால், வேண்டாம். பத்துப் பணிப்புத்தகத்துக்குப் பத்து 'சேமி' படங்கள் ஒரே திரையில் இருப்பதால் யாருக்கும் பயனில்லை. படம் திருத்தும் நிரலான கிம்ப் தன் தூரிகைப் பெட்டியை எல்லாப் படங்களுக்கும் பொதுவாகவே வைத்திருக்கிறது. 2012இல் 2.8 பதிப்பில் ஒற்றைச் சாளர முறை வந்த பிறகும் அப்படியே. தூரிகை என்பது படத்தின் குணம் அல்ல, வரைபவரின் கையில் இருப்பது என்பதால் அது நியாயம். வெவ்வேறு வகைச் சேய்கள் இருந்தால் கதை வேறு. ஒன்று வரைபடம், ஒன்று அட்டவணை, ஒன்று பதிவேடு என்றால் அவற்றுக்குத் தனி டூல்பார் நியாயமே. பெரிதாக்கும் அளவு, வடிகட்டி, பக்க எண் என ஒவ்வொரு சேயிலும் வெவ்வேறாக நிற்கும் மதிப்புகளைக் காட்டும் பட்டையும் சேயிலேயே இருக்க வேண்டும். இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்து ஒப்பிடும்போது, ஒன்று 75 விழுக்காடு, மற்றது 100 விழுக்காடு என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். பொதுப் பட்டையில் அது முடியாது.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். அலுவலகம் போனதும் உங்கள் நிரலில் இரண்டு சேய்ச் சாளரங்களைத் திறந்து அருகருகே வையுங்கள். 'பார்வை' மெனுவிலிருந்து டூல்பாரை மறைத்துப் பாருங்கள், நீங்கள் நினைத்த டூல்பார்தான் மறைகிறதா என்று கவனியுங்கள். பிறகு ஒரு பெட்டியில் ஒரு தொகையைத் தட்டச்சு செய்து, வேறெங்கும் சொடுக்காமல் டூல்பாரில் 'சேமி'யை அழுத்தி, சாளரத்தை மூடித் திறந்து, பதிவான தொகையைப் பாருங்கள். இந்த இரண்டு சோதனைக்கும் ஐந்து நிமிடம் போதும். வாடிக்கையாளரிடம் நிரலைக் கொடுப்பதற்கு முன்பே அவற்றைச் செய்துவிடுங்கள். இப்போது கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.